ஆதித் திருச்சபையில் சுவிசேஷகரின் வேலை என்ன? ஊரோடு இருப்பதா, ஒப்படைத்துவிட்டுப் போவதா?

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைக் கமிட்டியில் இப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வாய் திறப்பதற்கு முன்னால் வேதத்தையும் சபை வரலாற்றையும் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஜெபக்கூட்டமாகத் தொடங்கிய சபை. தொடங்கியவர் ஒரு சுவிசேஷகர், அதாவது நற்செய்தியை அறிவிக்கும் ஊழியர். மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளில் வருவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் இரவு முழுவதும் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிப்பார். அவரைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்ல என்னால் முடியாது. இன்று எங்களுக்கு ஓட்டுக் கட்டடம் இருக்கிறது, மூப்பர்கள் இருக்கிறார்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேதபாடம் வாசிப்பது யார், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவது யார், காணிக்கைப் பெட்டியின் சாவி யாரிடம் என்பதெல்லாம் இன்றும் அவர் கையில்தான். பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்து, எங்களுக்கும் வந்து சொல்லித்தாருங்கள் என்று கேட்டார்கள். மூப்பர்கள் அவரை அனுப்பலாம் என்கிறார்கள். அவரோ, “நான் பெற்ற பிள்ளையை யார் கையில் விட்டுவிட்டுப் போவேன்?” என்று கண்கலங்குகிறார்.

எபேசியர் 4:11, அப்போஸ்தலர் 21:8, 2 தீமோத்தேயு 4:5 ஆகியவற்றை வாசித்துவிட்டேன். சுவிசேஷகர் என்று ஒருவர் இருந்தார் என்பது அவற்றிலிருந்து தெரிகிறது. அவர் நாள்தோறும் என்ன செய்தார், எங்கே நிறுத்திக்கொண்டார், மூப்பர்களுக்கு மேலா கீழா என்பதுதான் எனக்குத் தெளிவாகவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

சகோதரி, நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் கேள்விக்குப் பிலிப்புவிடம் போகாமல் பதில் கிடைக்காது. புதிய ஏற்பாட்டில் பெயரோடு சேர்த்துச் சுவிசேஷகன் என்று அழைக்கப்படுபவர் அவர் ஒருவர்தான்.

அவர் எங்கே தொடங்கினார் என்று பாருங்கள். பிரசங்க மேடையில் அல்ல, பந்தியில். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாட உணவு சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தபோது தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரில் ஒருவர். ஏழைகளின் சோற்றைப் பட்சபாதமில்லாமல் பங்கிடுவார் என்று ஊர் நம்பிய ஆள். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபின் விசுவாசிகள் சிதறி ஓடினார்கள். அப்படி ஓடிய இடத்தில்தான், சமாரியாவில், அவர் பிரசங்கிக்கத் தொடங்கினார்.

சமாரியாவில் நடந்தது பெரிய காரியம். ஊரே திரண்டு கேட்டது; ஆண்களும் பெண்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். செய்தி எருசலேமுக்குப் போனது. அப்போஸ்தலரான பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைத்து ஜெபித்தார்கள். நான் பாடுபட்ட ஊரில் இவர்களுக்கு என்ன வேலை என்று பிலிப்பு முகம் சுளித்ததாக ஒரு வரிகூட இல்லை. அடுத்து அவருக்கு வரும் கட்டளை, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழிக்குப் போ என்பது. கூட்டம் நிறைந்த பட்டணத்திலிருந்து ஆளில்லாத சாலைக்கு. போனார்.

அந்தச் சாலையில் நடந்ததை உங்கள் கமிட்டியில் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கந்தாகே அரசியின் பொக்கிஷமெல்லாவற்றுக்கும் தலைவனான எத்தியோப்பியன் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு வருகிறான். அந்தக் காலத்தில் தனியாக இருக்கும்போதும் வாய்விட்டு வாசிப்பது சாதாரண வழக்கம். அதனால் ரதத்தருகே ஓடிய பிலிப்புவின் காதில் அது விழுகிறது. அவர் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடவில்லை. “நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா” என்று கேட்கிறார். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அந்த அதிகாரி சொல்லி, ஏறி உட்காரும்படி வேண்டிக்கொண்ட பிறகே ரதத்தில் ஏறுகிறார். அவன் வாசித்துக்கொண்டிருந்த அதே வசனத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார். ஆயத்தம் செய்து வைத்த பிரசங்கம் எதுவும் அவர் மடியில் இல்லை. கேட்கிறவன் கையில் எந்த ஏடு இருக்கிறதோ, அவன் மனதில் எந்தக் கேள்வி இருக்கிறதோ, அங்கிருந்து கிறிஸ்துவிடம் வழி காட்டுகிறார். வழியில் தண்ணீர் தென்படுகிறது. ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்பதும் அந்த மனிதன்தான்.

பிறகு என்ன? ஆவியானவர் பிலிப்புவைக் கொண்டுபோய்விட்டார். அந்த அதிகாரி சந்தோஷத்தோடே தன் வழியே போனான். ஒரு நாட்டின் கருவூலத்தை ஆளும் மனிதன்! அவனோடு போய் அரண்மனையருகே தங்கியிருக்கலாம். பிலிப்பு ஆசோத்தில் காணப்பட்டு, அங்கிருந்து செசரியா வரைக்கும் கடலோரப் பட்டணங்களில் பிரசங்கித்துக்கொண்டே போகிறார்.

அதே செசரியாவில் நான்காம் நூற்றாண்டில் கண்காணியாக (பிஷப்பாக) இருந்த யூசேபியஸ் தம் சபை வரலாற்றின் மூன்றாம் புத்தகத்தில், அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறைச் சுவிசேஷகர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். திராயான் பேரரசன் ஆண்ட காலத்தை ஒட்டி, அதாவது 98 முதல் 117 வரையுள்ள ஆண்டுகளை ஒட்டி, நடந்ததைச் சொல்கிறார். அவர்கள் முதலில் தங்கள் சொத்தை ஏழைகளுக்குப் பங்கிட்டார்கள். பிறகு தூரப் பயணம் புறப்பட்டார்கள். விசுவாசத்தைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாதவர்களிடம் போனார்கள். சுவிசேஷ நூல்களை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அஸ்திபாரம் போட்டபின் வேறு ஆட்களை மேய்ப்பர்களாக நியமித்து, புதிதாய் வந்தவர்களை அவர்கள் பராமரிப்பில் ஒப்படைத்தார்கள். தாங்கள் வேறு நாடுகளுக்குப் போனார்கள். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் பழைய சான்று வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒப்படைப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான்.

---

மலையடிவார ஊழியர் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இதை வைத்து அந்த முதியவரை மூட்டை கட்டச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் களத்தில் இருப்பவன். ஞானஸ்நானம் கொடுத்த கையோடு ஊழியர்கள் போய்விட்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன். மறு வருடம் அங்கே போனால் கதவு பூட்டியிருக்கும்.

பிலிப்புவைச் சுவிசேஷகன் என்று, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா அழைப்பது எந்த நேரத்தில் என்று பாருங்கள். காசா சாலையில் அல்ல. ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, செசரியாவில் சொந்த வீட்டில், தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு மகள்களோடு அவர் குடியிருக்கும்போது. அப்போஸ்தலன் பவுலும் கூட இருந்தவர்களும் அந்த வீட்டில்தான் பல நாள் தங்கினார்கள். ஆகவே ஓர் ஊரில் வீடு இருப்பது சுவிசேஷகருக்கு ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

பவுலின் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவையும் பாருங்கள். “சுவிசேஷகனுடைய வேலையைச் செய்” என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த வேலை என்னவென்று பவுல் அவருக்கு எழுதிய இரண்டு நிருபங்களுமே (கடிதங்களுமே) விரித்துச் சொல்கின்றன. எபேசுவில் தங்கி வேற்றுமையான உபதேசங்களைத் தடுக்க வேண்டும். சபையில் வேதத்தை வாசிக்க வேண்டும், புத்திசொல்ல வேண்டும், உபதேசிக்க வேண்டும். சொந்தமாக ஏட்டுச்சுருள் வைத்திருப்பவர் வெகு சிலராக இருந்த காலம் அது; சபையில் ஒருவர் உரக்க வாசித்தால்தான் மற்றவர்களுக்கு வேதம். கண்காணிகளுக்கும் உதவிக்காரர்களுக்கும் இருக்க வேண்டிய தகுதிகளை அவர் கையில் பவுல் எழுதிக் கொடுக்கிறார். ஊழியத்துக்கு ஏற்படுத்த அவசரப்பட்டு ஒருவன்மேலும் கைகளை வைக்காதே என்கிறார். ஆதரவற்ற விதவைகளின் பட்டியலைக்கூட அவர் கவனிக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் அவருக்கு வயிற்றுக் கோளாறு வேறு. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதுகிறார். ஓர் இளைஞன், உடம்பு சரியில்லாதவன், பெரிய பட்டணம், வாக்குவாதத்துக்கு அலைகிற கூட்டம். இந்த வேலையை வந்தோம், சொன்னோம், போனோம் என்று முடித்துவிட முடியுமா?

உங்கள் சுவிசேஷகர் பல வருடம் தங்கினதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தங்கி என்ன உருவாக்கினார் என்பதைக் கேளுங்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஊழியர் ஐயா சொல்வது சரி. தீமோத்தேயுவின் வேலை நெடிய வேலை. ஆனால் அந்த வேலை எதை நோக்கிப் போகிறது என்பதற்கு 2 தீமோத்தேயு 2:2 இருக்கிறது: தன்னிடம் கேட்டவற்றை “மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷர்களிடத்தில் ஒப்புவி.” பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள். நான்கு தலைமுறை ஒரே வரியில் நிற்கிறது. மூன்றாம் தலைமுறை கையில் பொறுப்பு வராவிட்டால் நான்காவது பிறக்காது.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. எபேசுவிலிருந்து சீக்கிரம் என்னிடத்தில் வா என்று தீமோத்தேயுவை அழைக்கும் அதே அதிகாரத்தில், இன்னொரு உடன் ஊழியரான தீகிக்குவை எபேசுவுக்கு அனுப்பினேன் என்றும் பவுல் எழுதுகிறார். கிரேத்தா தீவில் விடப்பட்ட தீத்துவுக்குச் சுவிசேஷகன் என்ற பெயர் எங்கும் கொடுக்கப்படவில்லை; வேலை ஏறக்குறைய அதேதான், பட்டணங்கள்தோறும் மூப்பரை ஏற்படுத்துவது. அவருக்கும் அப்படியே: அர்த்தெமாவையாவது தீகிக்குவையாவது நான் அனுப்பும்போது நீ நிக்கொப்போலிக்கு வா. ஆக, தீமோத்தேயுவும் தீத்துவும் எபேசுவையும் கிரேத்தாவையும் தங்கள் ஆயுள்காலச் சொத்தாக எண்ணவில்லை. ஒருவர் போகும்போது இன்னொருவரைப் பவுல் பார்த்து அனுப்பினார்; சபையை அநாதையாக விடவில்லை. உங்கள் முதியவரின் கண்ணீருக்கு இதில் ஆறுதல் இருக்கிறது.

மேலா கீழா என்று கேட்டீர்கள். எபேசுவில் மூப்பர்கள் முன்பே இருந்தார்கள். பவுல் அவர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பேசியதை அப்போஸ்தலர் 20-இல் காண்கிறோம். தீமோத்தேயுவுக்கு அவர்களிடையே அதிகாரம் இருந்தது. ஆனால் கரை கட்டிய அதிகாரம். ஒரு மூப்பர்மேல் பிராது வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது. முதிர்ந்தவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போலப் புத்திசொல்ல வேண்டும். அவர்மேலும் மூப்பர் சங்கத்தார் கைகளை வைத்திருந்தார்கள் என்று 1 தீமோத்தேயு 4:14 சொல்கிறது. ஆகவே உங்கள் மூப்பர்களும் அவரை வேலைக்காரரைப்போல அனுப்பிவைக்க முடியாது. அவரும் அவர்களைச் சிறுபிள்ளைகளைப்போல நடத்த முடியாது.

---

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தீகிக்குவின் பெயரைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அவர் ஏன் எபேசுவுக்கு அனுப்பப்பட்டார் என்று யோசித்ததே இல்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கூட்டத்தில் இதை யாரும் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள். பணம். அவர் வேறு ஊருக்குப் போனால் மாதப் படி என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். வயதும் ஆகிவிட்டது. சாவி விஷயமும் அதோடு சேர்ந்ததுதான். ஆதிச் சபைகள் இதை எப்படிக் கையாண்டன?

---

சபைக் கணக்கர் எழுதியது:

எங்கள் சபையின் கணக்குப் புத்தகத்தை எழுதுபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. அதே அதிகாரத்தில் பவுல், அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். ஆகவே கொடுப்பது சபையின் கடமை. கேட்டு வாங்காமலிருக்கும் சுதந்தரம் ஊழியருடையது. இந்த இரண்டையும் இடம் மாற்றி, நீர் பவுலைப்போல இரும் என்று சபை ஊழியரிடம் சொல்லத் தொடங்கினால் அது அநியாயம்.

ஊர் ஊராய்ப் போகிறவர்களின் பெயரால் ஏமாற்றுகிறவர்களும் அன்றே வந்துவிட்டார்கள். முதல் நூற்றாண்டின் கடைசியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்று பெரும்பாலோர் கருதும் டிடாக்கே என்ற சிறு கைநூல், 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோதியோஸ் பிரையென்னியோஸ் கண்டெடுத்த ஒரு கையெழுத்துச் சுவடியால் நமக்குக் கிடைத்தது. அதில் இருப்பது நல்ல கறாரான ஒழுங்கு. வருகிற அப்போஸ்தலனைக் கர்த்தரைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இன்னொரு நாளும். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் ரொட்டி மட்டும் கொடுங்கள். பணம் கேட்டாலும் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. இந்த நூல் சுவிசேஷகர் என்ற பெயரைச் சொல்லவில்லை. இது வழிப்போக்கர்களுக்கான விதி. வருடக்கணக்காக உங்களோடு உழைத்தவருக்கு இதை அளவுகோலாக்காதீர்கள். நிலையாகத் தங்க விரும்பும் உண்மையான தீர்க்கதரிசியும் போதகரும் தங்கள் உணவுக்குப் பாத்திரர் என்று அதே நூல் பின்னால் சொல்கிறது. விளைச்சலின் முதற்பலனைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது.

மூன்றாம் நூற்றாண்டில் சபை அறிஞர் ஓரிகன், கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சஸ் என்பவனின் குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுதும்போது, பட்டணங்களோடு நில்லாமல் கிராமங்களுக்கும் தோட்டவீடுகளுக்கும் போய் அறிவிக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் பணத்துக்காக அலைகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, சில வேளைகளில் சாப்பாட்டுக்கு வேண்டியதைக்கூட வாங்குவதில்லை என்கிறார். மனம் நெகிழ வைக்கும் வரி அது. ஆனால் அதை மாதப் படியை நிறுத்துவதற்கு ஆதாரமாக எடுத்துவிடக் கூடாது.

இனி சாவி. 2 கொரிந்தியர் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, சுவிசேஷ ஊழியத்தில் எல்லாச் சபைகளிலும் புகழ்ச்சிபெற்ற ஒரு சகோதரரைச் சபைகளே தெரிந்தெடுத்துக் கூட அனுப்புகின்றன. எவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று பவுல் காரணமும் சொல்கிறார். பவுலே தனியாகப் பணத்தைத் தொடவில்லை. எங்கள் சபையில் பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு வீட்டில். எண்ணும்போது மூன்று பேர் கையெழுத்து. இது அவரைச் சந்தேகிப்பது அல்ல. அவர் பெயரைக் காப்பாற்றுவது. அவரிடமே இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள், கோபப்படமாட்டார்.

---

பனையோலை எழுதியது:

அம்மா, எல்லாரும் மூப்பர், இளைஞர் என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எயோதியாளும் சிந்திகேயாளும் சுவிசேஷ விஷயத்தில் என்னோடுகூடப் பிரயாசப்பட்டார்கள் என்று பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினார். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருவர். தீமோத்தேயுவின் விசுவாசமே பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் நிலைத்திருந்தது. பக்கத்துக் கிராமத்தில் உங்களைக் கேட்டுவந்த அந்த இரண்டு குடும்பங்களின் அடுப்படிவரை போய்ப் பேசக்கூடியவர்கள் யார்? ஞானஸ்நான ஆயத்த வகுப்பை நீங்களே எடுக்கலாம். வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் நீங்கள்.

---

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

வகுப்பு எடுக்க எனக்கு விருப்பம் உண்டு. கூட்டத்தில் கேட்பேன்.

நான் முன்வைக்கப் போவது இதுதான். வேதபாட வாசிப்பை இளைஞர் இருவரிடம் கொடுக்க வேண்டும். அவர்களைப் பழக்குபவர் சுவிசேஷகரே. பெட்டிக்கு இரண்டு பூட்டு. பக்கத்துக் கிராமத்துக்கு அவர் வாரத்தில் சில நாட்கள் போகட்டும். முழுவதுமாக மாறுவதை அந்த ஊரின் தேவையைப் பார்த்துப் பின்னால் முடிவு செய்யலாம். அவருடைய வீடு இங்கேயே இருக்கட்டும், பிலிப்புவுக்குச் செசரியாவில் இருந்ததுபோல. இதில் ஏதாவது விட்டுப்போயிற்றா?

---

மலையடிவார ஊழியர் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று, சகோதரி. எப்படி அனுப்புவது என்பது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் காயு என்பவருக்கு எழுதப்பட்டிருப்பதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கர்த்தருடைய நாமத்தினிமித்தம் புறப்பட்டு, புறஜாதியாரிடத்தில் ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை, தேவனுக்கு முன்பாகப் பாத்திரமானபடி வழிவிட்டனுப்பினால் நலமாயிருக்கும் என்கிறார். அதே ஊர்ப்பக்கம் தியோத்திரேப்பு என்று ஒருவன்; சபையில் முதன்மையாயிருக்க விரும்பி, அந்தச் சகோதரரை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களையும் தடுத்தான்.

புதிதாகத் தொடங்கும் ஊரில் யாரிடமும் அவர் கைநீட்டக்கூடாது. அது அந்த வேலையையே கெடுத்துவிடும். ஆகவே மாதப் படி உங்கள் சபையிலிருந்தே தொடரட்டும். பஸ் கட்டணம் அதற்கு மேல் தனியாக. முதியவர் என்கிறீர்கள், சைக்கிள் வேண்டாம். கூடவே இளைஞர் ஒருவர் போகட்டும். பவுல் தீமோத்தேயுவை லீஸ்திராவில் அப்படித்தான் தம்மோடு சேர்த்துக்கொண்டார். முதல் நாள் புறப்படும்போது மூப்பர்கள் அவர்மேல் கைவைத்து ஜெபிக்கட்டும். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் அனுப்பியபோது செய்ததும் இதுவே. அந்த ஊரில் கூட்டம் எந்தக் கிழமை என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், நாங்களும் ஜெபிக்கிறோம்.